வரம் யாருக்காகக் கொடுக்கப்படுகிறது? ஆவிக்குரிய வரங்களும் அன்பின் வழியும்

ஆவிக்குரிய வரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது "எனக்கு எந்த வரம் கொடுக்கப்பட்டிருக்கிறது?" என்பதுதான். திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் இளையோர் அதைக் கூச்சத்தோடு கேட்கிறார்கள். பல ஆண்டுகள் சபையில் இருந்தும் தங்களால் ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணுகிற பெரியவர்கள் அதைக் கவலையோடு கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் புதிய ஏற்பாட்டில் வரங்களைப் பற்றி வரும் பகுதிகளை ஆறுதலாக இருந்து வாசித்தால், அங்கே வேறொரு கேள்விக்கே முதலிடம் கொடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்: இந்த வரம் யாருடைய நன்மைக்காகக் கொடுக்கப்பட்டிருக்கிறது? இந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டால் முதலாவதற்கும் விடை கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். வேதாகமத்தை அதிகம் வாசித்துப் பழகாதவர்களையும் மனத்திற்கொண்டு, அந்த ஒழுங்கிலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆவிக்குரிய வரம் என்பது, மற்றவர்கள் பயன்பெறும்படி பரிசுத்த ஆவியானவர் ஒரு விசுவாசிக்கு இலவசமாகக் கொடுக்கும் ஆற்றல் ஆகும். இந்த விளக்கத்தில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, வரம் சம்பாதிக்கப்படுவதில்லை. ஆகவே அதை உடையவர் அதைக் கொண்டு தம்மை மற்றவர்களிலும் பரிசுத்தமானவராகக் காட்ட இடமில்லை. மற்றது, வரம் பெற்றவரோடு அது முடிந்துவிடுவதில்லை. பேதுரு தமது முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், அவரவர் பெற்ற வரத்தின்படியே, தேவனுடைய பற்பல கிருபையுள்ள ஈவுகளைப் பகிர்ந்துகொடுக்கும் நல்ல உக்கிராணக்காரரைப் போல ஒருவருக்கொருவர் உதவிசெய்யும்படி எழுதுகிறார். உக்கிராணக்காரர் வீட்டுக் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர். அங்கே இருக்கும் நெல்லும் எண்ணெயும் அவருடையவை அல்ல, ஆனால் வீட்டார் பட்டினி கிடந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி உறுதிகளில், காணியோடு சேர்த்துக் கிணற்றில் இத்தனை பங்கு என்றும், வழிவாய்க்கால் உரிமை என்றும் எழுதப்பட்டிருப்பதை நம்மில் பலர் அறிவோம். அந்தப் பங்குக் கிணற்றின் ஊற்றைப் பங்காளிகளில் ஒருவரும் உண்டாக்கவில்லை. தம்முடைய முறை வரும்போது ஒருவர் இறைத்துக்கொள்ளலாம். மற்றவருடைய வாய்க்காலை மறிக்க முடியாது. வரங்களைப் பற்றிய வேதாகமப் போதனையும் இத்தகையதே. ஊற்று தேவனுடையது, பங்கு நமக்கு, பாய வேண்டியது எல்லோருடைய வரம்புகளுக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைகள் உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும்போது தூய ஆவியாரின் ஏழு கொடைகளைப் படிக்கிறார்கள். அவை ஏசாயா தீர்க்கதரிசியின் நூல் 11ஆம் அதிகாரத்தை அடியாகக் கொண்டவை. ஞானம், அறிவு, திடன், இறையச்சம் முதலாக ஒருவருடைய உள்ளத்தைத் தேவனுக்கு இசைவாக்குபவை. இக்கட்டுரையில் பேசப்படும் வரங்கள், பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கும் ரோமருக்கும் எபேசியருக்கும் எழுதிய நிருபங்களில் வரும் பணிக்குரிய வரங்கள் ஆகும். இரண்டையும் கொடுப்பவர் ஒரே ஆவியானவர் என்றாலும் அவற்றின் நோக்கம் வேறு.

அதைவிட முக்கியமானது, வரத்துக்கும் கனிக்கும் உள்ள வேறுபாடு. கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்கள் சொல்லப்படுகின்றன: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இவை எல்லா விசுவாசிகளிடமும் எதிர்பார்க்கப்படுபவை. "எனக்குப் பொறுமை கொடுக்கப்படவில்லை, அது மற்றவருக்குரியது" என்று ஒருவரும் சொல்லித் தப்ப முடியாது. வரங்களோ ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகப் பகிரப்படுபவை. எல்லோரும் போதகர்களா, எல்லோரும் குணமாக்கும் வரங்களை உடையவர்களா என்று பவுல் கேட்கும்போது, இல்லை என்ற பதிலையே அவர் எதிர்பார்க்கிறார். கனி வளர்வதற்குக் காலம் வேண்டும். வரமோ, முதிர்ச்சியடையாத ஒருவரிடத்திலும் பிரகாசமாக வெளிப்படக்கூடும். ஆகையால் ஒருவர் வல்லமையாகப் பிரசங்கிப்பதைக் கண்டு, அவருடைய குணமும் அதே அளவுக்கு வளர்ந்திருக்கும் என்று தீர்மானித்துவிடுவது ஆபத்தானது. மத்தேயு 7ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அநேக அற்புதங்களைச் செய்தோம் என்று சொல்லிக்கொண்டு வருகிற சிலரை நோக்கி, நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை என்று இயேசு சொல்லுவதாக வாசிக்கிறோம். அந்த வசனத்தை நாம் அடிக்கடி வாசிப்பது நல்லது.

வரங்களின் பட்டியல்கள்

1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில், ஞானத்தைப் போதிக்கும் வசனம், அறிவை உணர்த்தும் வசனம், விசுவாசம், குணமாக்கும் வரங்கள், அற்புதங்களைச் செய்யும் சக்தி, தீர்க்கதரிசனம் உரைத்தல், ஆவிகளைப் பகுத்தறிதல், பற்பல பாஷைகளை (தாம் கற்காத மொழிகளை ஆவியானவரின் ஏவுதலால்) பேசுதல், பாஷைகளை வியாக்கியானம் பண்ணுதல் என்று ஒன்பது வரங்கள் வருகின்றன. ரோமர் 12ஆம் அதிகாரத்தில் ஏழு: தீர்க்கதரிசனம், ஊழியம், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், தலைமை தாங்குதல், இரக்கஞ்செய்தல். எபேசியர் 4ஆம் அதிகாரம் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என்று மனிதர்களையே வரங்களாகக் குறிப்பிடுகிறது. பேதுருவோ எல்லாவற்றையும் பேசுதல், உதவிசெய்தல் என்ற இரண்டுக்குள் அடக்கிவிடுகிறார்.

இந்தப் பட்டியல்கள் ஒன்றோடொன்று முழுவதும் பொருந்துவதில்லை. அவற்றில் எதுவும் முழுமையானதென்று சொல்லப்படவும் இல்லை. எனவே, நம்முடைய பெயருக்கு நேரே ஒரு வரத்தைக் குறித்துக்கொள்வதற்கான அட்டவணையாக அவற்றைப் பார்க்க வேண்டியதில்லை. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்வதற்காகப் பெசலெயேல் என்ற கைவினைஞன் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டான் என்று வாசிக்கிறோம். பொன், வெள்ளி, வெண்கல வேலையும் மரவேலையும் அங்கே ஆவியானவருடைய வரமாகச் சொல்லப்படுகின்றன. அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் வரும் யோப்பா பட்டினத்துத் தொற்காள் பிரசங்கம் பண்ணியதாக ஒரு குறிப்பும் இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு, அவள் தங்களுக்குச் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காண்பித்தார்கள். அவளுடைய ஊசியும் நூலும் யாருக்காக இயங்கின என்பதற்கு அந்த விதவைகளே சாட்சி.

கேட்கத்தக்கதாகவும் காணத்தக்கதாகவும் இருக்கும் வரங்களுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு, அமைதியாக நடக்கும் வரங்களுக்குக் கிடைப்பதில்லை. இதை நான் வருத்தத்தோடேயே எழுதுகிறேன். 1 கொரிந்தியர் 12:28இல் அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள் ஆகியவற்றை அடுத்து, ஊழியங்கள், ஆளுகைகள் என்ற இரண்டும் அதே மூச்சில் சொல்லப்படுகின்றன. மற்றவருக்குக் கைகொடுப்பதும், காரியங்களை ஒழுங்காக நடத்துவதும் அவை. சபையின் கணக்கைச் சதம் பிசகாமல் எழுதி வைப்பவர், திருவிழாக் காலத்தில் நூறு பேருக்குச் சமைப்பதைப் பதற்றமில்லாமல் ஒழுங்குசெய்பவர், சண்டை வரக்கூடிய கூட்டத்தில் எல்லோரையும் பேசவிட்டு ஒரு முடிவுக்குக் கொண்டுவருபவர் ஆகியோரும் வரம் பெற்றவர்களே என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்லப்பட வேண்டும்.

கொரிந்துச் சபையின் நிலை

வரங்களைப் பற்றிய நீண்ட போதனை கொரிந்துச் சபைக்கு எழுதப்பட்டதற்குக் காரணம் உண்டு. கொரிந்து இரண்டு கடல்களுக்கு இடையே அமைந்த செல்வமிக்க வணிக நகரம். பவுல் அங்கே ஒன்றரை வருடம் தங்கிச் சபையை உருவாக்கினார். பின்னர் கி.பி. 50களின் நடுப்பகுதியில், எபேசுவில் இருந்தபோது, அந்தச் சபையிலிருந்து வந்த கவலைக்குரிய செய்திகளுக்குப் பதிலாக இந்த நிருபத்தை எழுதினார். அதன் தொடக்கத்திலேயே, அவர்கள் யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று ஒப்புக்கொள்கிறார். இரண்டு அதிகாரங்கள் கடந்து, அவர்களை ஆவிக்குரியவர்கள் என்று எண்ணிப் பேச முடியவில்லை, கிறிஸ்துவுக்குள் குழந்தைகள் என்று எண்ணியே பேச வேண்டியிருந்தது என்கிறார். வரத்தில் குறைவில்லை, ஆனாலும் ஆவிக்குரியவர்கள் அல்லர். இந்த இரண்டு கூற்றுகளையும் சேர்த்து வாசிக்கிறவர்களுக்கு நிருபத்தின் மற்றப் பகுதிகள் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

அங்கே நடந்தவை என்ன? நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று ஊழியர்களின் பெயரால் கட்சி பிரிந்திருந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் நீதிமன்றத்தில் வழக்கு வைத்தார்கள். வேலி எல்லைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களைக் கண்ட நமக்கு அது விளங்காத செய்தி அல்ல. கர்த்தருடைய இராப்போஜனத்துக்குக் கூடிவந்தபோது வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறியாயிருந்தான் என்று பவுல் எழுதுகிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அவர் கடுமையாகக் கேட்கும் இடம் அதுவே. வரங்களைப் பற்றிய 12ஆம் அதிகாரம், இந்தப் பந்திக் கதையைச் சொல்லும் 11ஆம் அதிகாரத்துக்கு அடுத்ததாகவே வருகிறது. உடன் விசுவாசியின் வயிற்றுப் பசியைக் கண்டுகொள்ளாதவர்கள், அதே கூட்டத்தில் யார் அதிக ஆவிக்குரியவர் என்று போட்டியிட்டுப் பாஷைகளைப் பேசினார்கள்.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது சாதியை நினைக்காமல் வாசிக்க முடியாது. சாதி வேற்றுமை நம்முடைய ஆலயங்களின் வாசலோடு நின்றுவிடவில்லை. வாங்குகளில் யார் எங்கே இருப்பது, யாருடைய வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது, யாருடைய பிள்ளையை யார் கட்டுவது என்பதுவரை உள்ளே வந்தது. கலியாணப் பேச்சில் அது இன்றும் இருக்கிறது. அவயவங்கள் அநேகமாயிருந்தும் சரீரம் ஒன்றே என்று 12ஆம் அதிகாரம் சொல்லுகிறது. கண்ணானது கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டுவதில்லை என்று சொல்லக் கூடாது. பலவீனமுள்ளவைகளாகக் காணப்படுகிற அவயவங்களே மிகவும் வேண்டியவைகளாயிருக்கிறது. இந்த வார்த்தைகளை வாசித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட வீட்டாரிடமிருந்து வரும் வரத்தை ஏற்றுக்கொள்ள மறுக்கும் சபை, ஆவியானவர் தனக்குத் தந்ததையே திருப்பி அனுப்புகிறது. யாரிடம் எதைக் கொடுப்பது என்பது ஆவியானவருடைய சித்தம். நம்முடைய குடும்ப வரிசையைப் பார்த்து அவர் பகிர்வதில்லை.

அன்பின் அதிகாரம்

இந்தச் சூழலில்தான் 13ஆம் அதிகாரம் வருகிறது. திருமணங்களில் விரும்பி வாசிக்கப்படுகிற இப்பகுதி, முதலில் வரங்களுக்காகச் சண்டையிட்ட ஒரு சபைக்கு எழுதப்பட்டது. "நான் மனுஷர் பாஷைகளையும் தூதர் பாஷைகளையும் பேசினாலும், அன்பு எனக்கிராவிட்டால், சத்தமிடுகிற வெண்கலம்போலவும், ஓசையிடுகிற கைத்தாளம்போலவும் இருப்பேன்" என்று பவுல் தொடங்குகிறார். அடுத்து, தீர்க்கதரிசனமும் சகல அறிவும் மலைகளைப் பேர்க்கத்தக்க விசுவாசமும் இருந்தாலும், ஆஸ்தி முழுவதையும் அன்னதானம் பண்ணினாலும், அன்பில்லாவிட்டால் தமக்கு ஒன்றுமில்லை என்கிறார். கவனிக்க வேண்டியது, இவற்றில் ஒன்றையும் அவர் பொய்யான வரம் என்று சொல்லவில்லை. உண்மையான வரமே அன்பில்லாமல் பயன்படுத்தப்படலாம் என்பதே அவருடைய எச்சரிக்கை.

அன்பு பட்டியலில் உள்ள இன்னொரு வரம் அல்ல. சிலருக்குப் பாடும் வரம், சிலருக்குப் போதிக்கும் வரம், வேறு சிலருக்கு அன்பு செலுத்தும் வரம் என்று பிரித்துவிட முடியாது. எந்த வரமும் நடக்க வேண்டிய வழி அன்பே. 12ஆம் அதிகாரத்தின் முடிவில், அதிக மேன்மையான வழியைக் காண்பிக்கிறேன் என்று சொல்லியே பவுல் அடுத்த அதிகாரத்துக்குள் செல்கிறார். அங்கே அவர் அன்பை ஓர் உணர்ச்சியாக வர்ணிக்கவில்லை. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லுகிறார்: நீடிய சாந்தமும் தயவுமுள்ளது, பொறாமையில்லை, தன்னைப் புகழாது, இறுமாப்பாயிராது, தற்பொழிவை (தன் சொந்த நலத்தை) நாடாது, சினமடையாது, தீங்கு நினையாது. இவற்றுள் ஒவ்வொன்றும் கொரிந்துச் சபையின் ஒரு நோவுக்கு மருந்தாக வைக்கப்பட்டிருக்கிறது. இறுமாப்பைப் பற்றி அந்த நிருபத்தில் பல இடங்களில் அவர் கண்டிக்கிறார். அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை (மற்றவரின் விசுவாசத்தைக் கட்டியெழுப்புவதை) உண்டாக்கும் என்று 8ஆம் அதிகாரத்திலேயே எழுதியிருந்தார்.

இவற்றை நம்முடைய சபை வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். பாடகர் குழுவில் நல்ல குரல் உள்ள ஒருவர், புதிதாக வந்தவருக்குத் தனிப்பாடல் கொடுக்கப்படும்போது மனம் புழுங்காமல் அவருக்குச் சுருதி பிடித்துக் கொடுத்தால், அங்கே அன்புக்குப் பொறாமையில்லை என்பது நிறைவேறுகிறது. ஞாயிறு பாடசாலையில் படிப்பிப்பவர், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளைக்கு முகம் சுளிக்காமல் மறுபடியும் சொல்லிக்கொடுத்தால், அது நீடிய சாந்தம். சபைக் குழுவில் பத்து வருடங்களுக்கு முன்பு நடந்த ஒரு வாக்குவாதத்தை மனத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதைச் செய்தவருடைய நல்ல யோசனையையும் எதிர்க்கிறவர் தீங்கு நினைக்கிறார். இந்தக் கடைசி நோய் நம்மிடையே மிகவும் பரவலானது, ஆற்றுவதற்கும் கடினமானது. ஆனாலும் மன்னிப்பு இல்லாத இடத்தில் எந்த வரமும் வெகுகாலம் பயன்தராது.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் எழும். அன்பு நம்மிடம் குறைவாக இருக்கிறதென்றால், அது நிறையும் வரைக்கும் வரத்தைப் பயன்படுத்தாமல் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. "அன்பை நாடுங்கள், ஞானவரங்களையும் விரும்புங்கள்" என்று 14ஆம் அதிகாரம் இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறது. தேவன் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அன்புகூருகிறோம் என்று யோவான் எழுதுகிறார். மற்றவருக்கு ஊழியம் செய்யச் செய்யத்தான் அந்த அன்பு நம்முள் வேரூன்றுகிறது. இயேசு சொன்ன உவமையில், எஜமான் ஒப்படைத்த தாலந்தை (பணத்தை) நிலத்தில் புதைத்து வைத்த ஊழியக்காரன் எஜமானுக்குப் பயந்ததாகச் சொன்னான். அந்தப் பயத்தை எஜமான் நியாயமான காரணமாக ஏற்கவில்லை.

இந்த மண்ணில் வாழ்ந்த இருவர்

வரமும் அன்பும் சேர்ந்து நடந்ததற்கு யாழ்ப்பாணத்தின் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. கோவாவில் 1651இல் பிறந்த குருவானவர் யோசப் வாஸ், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687இல் கூலியாளைப் போல வேடமிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். சில்லாலையில் தங்கியிருந்து, மறைந்து வாழ்ந்த விசுவாசிகளுக்கு இரவில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பின்னர் கண்டிக்குச் சென்றார். அங்கே 1697இல் பெரியம்மை பரவியபோது, நோயாளிகளை உறவினரே கைவிட்டு ஓடிய நிலையில், அவரும் உடன் குருவானவரும் மத வேறுபாடு பாராமல் அவர்களைத் தேடிச் சென்று, உணவளித்து, புண்களைக் கழுவி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். ரோமர் 12 சொல்லும் இரக்கஞ்செய்யும் வரம் எப்படியிருக்கும் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

மற்றவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிசனால் அனுப்பப்பட்டு 1847இல் வந்த இவர், மறு வருடமே மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். தாம் குணமாக்கியதோடு நிற்காமல், இந்நாட்டு இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்பு தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்காகத் தாமும் தமிழ் கற்று, மாணவர்களின் உதவியோடு உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு, வேதியியல் ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் தொகுத்தார். அறிவு என்ற வரம் தம்மிடமே தங்கிவிடாமல், ஊரில் உள்ள பிள்ளைப்பேற்றுத் தாயின் பாயருகே அவளுடைய மொழி பேசும் ஒருவரிடத்தில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1884இல் தமது நாட்டில் இறந்த அவருடைய கல்லறையில், தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்ற குறிப்பு அவர் விருப்பப்படியே பொறிக்கப்பட்டது.

கவனமாகக் கையாள வேண்டிய வரங்கள்

பாஷைகள், தீர்க்கதரிசனம், குணமாக்குதல் ஆகிய வரங்கள் இன்றும் அதே வண்ணமாகக் கொடுக்கப்படுகின்றனவா என்பதில் திருச்சபைகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவை அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்று சில சபையார் நம்புகிறார்கள். 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அசூசா வீதியில் தொடங்கிய எழுப்புதலுக்குப் பின் உலகெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே சபைகளும், 1967 முதல் கத்தோலிக்கத்தில் வளர்ந்த அருங்கொடை இயக்கத்தாரும் அவை இன்றும் செயற்படுகின்றன என்று சாட்சி சொல்லுகிறார்கள். இந்தக் கட்டுரையில் அந்த விவாதத்தைத் தீர்க்க நான் முயலவில்லை. எந்தப் பக்கத்தில் நின்றாலும், வரத்தை அளக்கும் கோல் ஒன்றே: அது மற்றவரைக் கட்டியெழுப்புகிறதா?

பாஷைகளைப் பொறுத்தவரை பவுல் தெளிவான ஒழுங்கைத் தருகிறார். ஆராதனையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராகப் பேசலாம். ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்லுகிறவர் இல்லையென்றால் பேசுகிறவர் சபையில் அமைதியாயிருந்து, தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேச வேண்டும். விளங்காத பாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைப் பேசுவதைவிட, மற்றவருக்கு உணர்த்தும்படி ஐந்து வார்த்தைகளைப் பேசுவதே தமக்கு விருப்பம் என்கிறார். பக்கத்தில் இருப்பவருக்கு விளங்குமா என்ற அக்கறையும் அன்பின் ஒரு வடிவமே.

தீர்க்கதரிசனத்தைக் குறித்து நம்முடைய நாட்டில் இன்னும் கூடிய கவனம் வேண்டும். காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருக்கும் தாய்மார் வாழும் மண் இது. அப்படிப்பட்ட ஒரு தாயிடம், உங்கள் மகன் இந்த வருடத்துக்குள் திரும்பி வருவான் என்று ஆவியானவர் சொல்லுகிறார் என ஒருவர் சோதித்துப் பாராமல் சொல்லுவாரானால், அந்த வார்த்தையின் பாரத்தைச் சுமக்கப்போகிறவர் சொன்னவர் அல்லர், அந்தத் தாயே. தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்றும், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் 1 தெசலோனிக்கேயர் 5ஆம் அதிகாரம் அடுத்தடுத்தே சொல்லுகிறது. தீர்க்கதரிசனத்தின் பயன் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் என்று கொரிந்தியருக்கு எழுதப்பட்டிருக்க, அந்தத் தாயோடு கூட இருந்து அழுவதும், அவளுடைய நீதிக்கான கோரிக்கையில் உடன் நிற்பதும், பொய்யான நாள் குறித்துக் கொடுப்பதைவிட ஆவியானவருக்கு ஏற்றது.

நோயாளிக்காக ஜெபிப்பவர்களும் இதை மறக்கக் கூடாது. பவுல் தமது மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. தம் உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொன்னார். ஆகவே குணமடையாத ஒருவரைப் பார்த்து, உமக்கு விசுவாசம் போதாது என்று சொல்லுவதற்கு யாருக்கும் அதிகாரமில்லை. ஜெபத்தின் பெயரால் நீரிழிவு மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தச் சொல்லுவது மிகவும் தவறு. கிறீன் போன்றவர்களின் ஊழியத்தால் மருத்துவத்தையும் ஜெபத்தையும் ஒன்றாகக் கற்ற நம்முடைய ஊரில் அது நடக்கவே கூடாது.

கொடுக்கும் வரமும் உடனிருக்கும் வரமும்

பகிர்ந்துகொடுத்தலும் ஒரு வரம் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வரும் பணத்தால் எத்தனையோ ஆலயங்கள் திருத்தப்பட்டிருக்கின்றன, பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். ரோமர் 12 கேட்பது, கொடுக்கிறவர் வஞ்சனையில்லாமல் கொடுக்க வேண்டும் என்பதே. கொடுத்ததைப் பெயர்க்கல்லில் பொறிக்கச் சொல்லுவதும், கொடுத்த காரணத்தால் சபைத் தீர்மானங்களில் தன் சொல்லே நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அந்த வரத்தைக் கறைப்படுத்திவிடும். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று இயேசு சொன்னது காசுக்கும் பொருந்தும்.

பணம் போய்ச் சேர முடியாத இடமும் ஒன்று உண்டு. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் நம் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் அனுப்பும் பணம் வந்து சேருகிறது, மாலையில் கதவைத் தட்டி, "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஆள் வருவதில்லை. ஒருவரோடு அவசரப்படாமல் இருந்து, அவர் பத்தாவது தடவையாகச் சொல்லும் கதையையும் முதல் தடவை போலக் கேட்கக் கூடியவர் சபையில் ஒருவர் இருந்தால், அவரிடம் இரக்கஞ்செய்யும் வரம் இருக்கிறது. அதை உற்சாகத்துடனே செய்ய வேண்டும் என்றும் அதே வசனம் சேர்த்துச் சொல்லுகிறது. கடமைக்காக வந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவரை நோயாளி உடனே அறிந்துகொள்வார்.

தம்முடைய வரத்தை அறிவது எப்படி?

முதற் கேள்விக்கு இப்போது வரலாம். வரத்தை அறிந்துகொண்டு பின்பு ஊழியம் செய்வோம் என்று இருப்பவர்கள் பெரும்பாலும் அறியாமலே இருந்துவிடுகிறார்கள். சுற்றிலும் இருக்கும் தேவை என்னவென்று பார்த்து, கைக்கு எட்டியதைச் செய்யத் தொடங்குவதே நேரான வழி. எருசலேம் சபையில், கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, அந்தத் தேவைக்காக ஏழு பேர் தெரிவுசெய்யப்பட்டார்கள். பந்திவிசாரிப்புக்காக நியமிக்கப்பட்ட ஸ்தேவானும் பிலிப்புவும் பின்னர் பெரும் சாட்சிகளாகவும் சுவிசேஷகராகவும் வெளிப்பட்டார்கள். அவர்கள் தொடங்கிய இடம் சாப்பாட்டுப் பந்தி.

செய்து பார்க்கும்போது, எதனால் மற்றவர்கள் உண்மையில் பயனடைகிறார்கள் என்பது தெரியவரும். நமக்கு விருப்பமானது எதுவென்பதும் ஓர் அடையாளமே. ஆனால் அது மாத்திரம் போதாது, பாட ஆசைப்படுகிற எல்லோருக்கும் பாடும் வரம் இல்லை. பெரும்பாலும் நம்முடைய வரத்தை நமக்கு முன்பே மற்றவர்கள் கண்டுகொள்வார்கள். எருசலேமில் எல்லோரும் சவுலுக்கு (பின்னாளில் பவுல் எனப்பட்டவருக்கு) பயந்திருந்தபோது, பர்னபா அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் அழைத்துப் போனார். பிற்பாடு தர்சுவரைக்கும் தேடிப்போய் அவரை அந்தியோகியாவுக்கு ஊழியத்துக்கு அழைத்துவந்தார். ஊழியப் பயணத்தின் இடையிலே விட்டுப் போன மாற்கையும் பவுல் வேண்டாமென்று சொன்னபோது, பர்னபாவே தம்மோடு கூட்டிச் சென்றார். நம்முடைய மூப்பர்களும் ஆசிரியர்களும் இந்தப் பர்னபாவின் வேலையைச் செய்ய வேண்டும். ஓர் இளையவரிடம், "தம்பி, நீர் வாசிக்கும்போது வசனம் விளங்குகிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமையும் நீரே வாசியும்" என்று சொல்லுவதற்கு அதிக நேரம் ஆகாது. அதைக் கேட்ட பிள்ளை வாழ்நாள் முழுவதும் அதை நினைத்திருக்கும்.

வரம் கிடைத்த பின்பும் அதற்குப் பயிற்சி தேவை. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல், தேவ வரத்தை அனல்மூட்டி எழுப்பிவிடும்படி நினைப்பூட்டுகிறார். போதிக்கும் வரம் உள்ளவர் படிக்க வேண்டும், பாடுபவர் பழக வேண்டும், ஆலோசனை சொல்லுபவர் கேட்ட இரகசியத்தைக் காக்கப் பழக வேண்டும். நாவு அடங்காதவரிடம் யாரும் தங்கள் துயரத்தைக் கொண்டுபோக மாட்டார்கள்.

அதோடு, வரத்தை மற்றவரிடம் ஒப்படைக்கவும் அறிந்திருக்க வேண்டும். நீ கேட்டவற்றை, மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவி என்று 2 தீமோத்தேயு 2ஆம் அதிகாரம் சொல்லும்போது, பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்களிடம் கற்கும் மற்றவர்கள் என்று நான்கு தலைமுறைகள் அந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன. நெடுங்காலம் ஞாயிறு பாடசாலையை நடத்தியவர், வகுப்பை இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சில மாதங்கள் பின்வாங்கில் இருந்து, கேட்டால் மாத்திரம் ஆலோசனை சொல்லி உதவலாம். பாடகர் குழுவை நடத்துபவரும், கணக்கு எழுதுபவரும், நோயாளிகளைச் சந்திக்கப் போகிறவரும் தம்மோடு ஒருவரையாவது கூட்டிச் செல்லலாம். முதலில் அவர் பார்த்துக்கொண்டிருப்பார், பின்பு இருவரும் சேர்ந்து செய்வார்கள், அதன்பின் அவரே தனியாகப் போய்வருவார்.